மாத்திரை போன வழி

அத்தியாயம் 3

"மாமா, ஒருத்தரோட கனவு வழி தவறி இன்னொருத்தர்கிட்டப் போயிடுமா?"

ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இப்படிக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. அவளுடைய அம்மாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த பரிசோதகர், குழாயில் ஏறும் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, போகாது கண்ணு, கனவுக்கு அதனதன் வீட்டு விலாசம் தெரியும் என்று சொல்லிவைத்தார். குழந்தை அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். அவர் ம் கொட்டினார். அதோடு மறந்துபோனார்.

அன்றைக்கு அவர் இரண்டு நிமிடம் காது கொடுத்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இருந்திருக்காது. குழந்தைகளுக்குப் பதில் சொல்லி அனுப்புவதில் நமக்கு இருக்கும் அவசரம், அவர்கள் சொல்வதைக் கேட்பதில் இருப்பதில்லை.

இப்போது அதே பரிசோதகர் அதே அறையில், துப்பறிவாளர் நிதானத்தின் முன்னால் மூன்று தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நிதானம் என்பது தெரிந்தவர்கள் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடிவரும்போதும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வரக்கூடிய மனிதர். காலையில் வேலையைத் தொடங்குமுன் கண்ணை மூடி, குற்றவாளிக்கும் சேர்த்து ஒரு நிமிடம் கடவுளிடம் வேண்டிக்கொள்வார். அவருடைய உதவியாளர் விசில், பதினேழு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். வேலையை விட்டபோது விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காலியான இடத்தைப் பேச்சு பிடித்துக்கொண்டது.

விவகாரம் இதுதான். மருத்துவமனையில் எல்லோரும் மாத்திரை அக்கா என்று கூப்பிடும் பெண் ஒருத்தி. எச்.ஐ.வி. கிருமி உடம்பில் இருப்பதால் ஏழு வருடமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறவள். அந்தக் கிருமியைத் தந்துவிட்டுப் போன கணவன் இறந்து நான்கு வருடம். குழந்தைக்குக் கிருமி இல்லை, மருந்தின் புண்ணியம். புதிதாக நோய் தெரிந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துத் தைரியம் சொல்வதுதான் அக்காவின் வேலை. தினமும் ஒரே நேரத்தில் போடணும், ஒரு நாளும் விடக் கூடாது, முதலில் கொஞ்ச நாள் விசித்திரமாகக் கனவு வரும், சிலருக்கு வருடக்கணக்கில் வரும், அதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளின் உடம்பிலேயே, தூங்கிக்கிடந்த கிருமி எழுந்துகொண்டது. டாக்டரம்மா ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொன்னார். முந்தின இரவு விழுங்கிய மாத்திரை ரத்தத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். நான்கு மாதம் முன்பு எடுத்த முதல் தாளில் மருந்தே இல்லை. இரண்டு மாதம் முன்பு நுரையீரல் காய்ச்சலோடு பத்து நாள் வார்டில் படுத்திருந்தபோது எடுத்த இரண்டாவது தாளில் இருக்கவேண்டிய அளவு முழுதாக இருந்தது. போன வாரம் எடுத்த மூன்றாவது தாளில் மறுபடி ஒன்றுமில்லை.

டாக்டரம்மாவால் ஒரே முடிவுக்குத்தான் வர முடிந்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் போடுகிறாள்; பார்க்காவிட்டால் போடுவதில்லை. அவர் கத்தவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் என்னிடம் மட்டும் பொய் சொல்லியிருக்கிறதே என்று மட்டும் பரிசோதகரிடம் சொன்னாராம். நாளை மறுநாள் டாக்டர்கள் கூட்டம். பழைய மருந்து தோற்றுவிட்டது என்று அதில் எழுதிவிட்டால் அக்காவைக் கடுமையான அடுத்த மருந்துக்கு மாற்றுவார்கள். அதற்கும் அப்பால் திறந்திருக்கும் கதவுகள் குறைவு. தைரியம் சொல்கிற நாற்காலியும் போய்விடும்.

அக்கா பரிசோதகரிடம் வந்து, நான் ஒரு நாளும் விட்டதில்லை, வேண்டுமானால் யாரையாவது வைத்துக் கண்டுபிடியுங்கள், என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும் என்று சொல்லியிருந்தாள். அதனால்தான் நிதானம் இங்கே இருந்தார்.

விசில் முதலில் இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டாள். அது தண்ணி கிண்ணி போட்டிருக்குமா என்று கேட்டாள். பரிசோதகர் சிரிக்கவில்லை. தினமும் காலையில் அளவு தெரிந்த மாதிரியை ஊற்றி அதைச் சோதித்த பிறகுதான் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவாராம். மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும்; மூன்று முறையும் அப்படித்தான் எடுத்திருந்தார். அப்படியானால் மாத்திரை போலியா? வீட்டு டப்பாவிலிருந்து மூன்றை வாங்கிக் கரைத்துப் பார்த்துவிட்டார். அசல். எண்ணிக்கையும் பிசகவில்லை. முப்பது மாத்திரை கொடுத்தால் இருபத்தெட்டாம் நாள் டப்பாவில் இரண்டு இருக்கிறது.

"டப்பால இருந்து தினம் ஒண்ணு கிளம்புது. ரத்தத்துல போய் இறங்கல" என்றாள் விசில். "டிக்கெட் வாங்கிட்டு நடு வழியில ஆவியாப் போன பயணியை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல சார்."

"நடு வழி எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் நிதானம்.

"கைக்கும் வாய்க்கும் ஒரு சாண் இருக்கும்."

"அந்த ஒரு சாணுக்குள்ள யார் இருக்காங்கன்னு பாத்துட்டு வருவோம்."

வெளியே வரும் வழியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் ஆள் உயரப் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இரண்டு பெண்கள், நடுவில் ஒரே தட்டு, இருவர் கையும் சோற்றில். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று கீழே பெரிய எழுத்து. ஒருத்தி மாத்திரை அக்கா. இன்னொருத்தி அவளுடைய நாத்தனார், செத்துப்போனவனின் தங்கை. கணவனை எடுத்துப்போன அன்று அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூட ஒருவரும் வரவில்லையாம். நாத்தனார் மட்டும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, முதல் வாயை அண்ணிக்கு ஊட்டி, அடுத்த வாயை அதே தட்டில் தான் சாப்பிட்டாளாம். அன்று முதல் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். விஷயம் காதுக்கு எட்டி, மருத்துவமனை அவர்களை மறுபடி அப்படியே உட்காரவைத்துப் படம் எடுத்தது.

"எனக்கும் ஒரு நாத்தனார் இருக்கா சார்" என்றாள் விசில். "ஒரே பஸ்ல ஏறினா நான் முன் வாசல், அவ பின் வாசல். இந்தம்மாவைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்."

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் தையல் இயந்திரம், அதைச் சுற்றிப் பாதி தைத்த பள்ளிக்கூடப் பைகள். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நாத்தனார் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தையைத் தூங்கவைத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். அண்ணி பாத்திரம் கழுவிவிட்டு வருவாள். அதற்குள் மாத்திரையும் தண்ணீரும் தயாராக இருக்கும். இவள்தான் கையில் வைப்பாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றபோது அவள் குரலில் பெருமை இருந்தது. கொஞ்சம் களைப்பும் இருந்தது. அண்ணி வார்டில் இருந்த பத்து நாளும் மூன்று வேளைச் சாப்பாட்டை இந்த அடுப்பிலிருந்துதான் எடுத்துப்போனாளாம். மாத்திரையை மட்டும் நர்ஸ் தன் கையால் கொடுப்பாராம்.

விசில் டம்ளரை வைக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். ஆணியில் இரண்டு கத்திகள் தொங்கின. ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, ஒன்று மழுங்கிவிட்டது என்று நாத்தனார் முன்னறையிலிருந்தே பதில் சொன்னாள். விசில் அங்கிருந்த காகிதத்தில் இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். இரண்டும் பளிச்சென்று வெட்டின.

படிக்கட்டில் இறங்கும்போதே வழக்கை அவள் முடித்துவிட்டாள். வார்டில் இதே சாப்பாடு, நர்ஸ் கை. மருந்து போய்ச் சேர்ந்தது. வீட்டில் இதே சாப்பாடு, நாத்தனார் கை, சேரவில்லை. இருட்டில் கையில் வைப்பது வேறு மாத்திரை. அண்ணனைப் பறிகொடுத்த ஆத்திரத்தை அண்ணியிடம் தீர்த்துக்கொள்கிறாள். கும்பிடலாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

நிதானம் இரண்டு படி இறங்கி நின்றார். "ஆத்திரம்னா வேற மாத்திரையைக் கொடுத்தா போதும். அசலை டப்பாலயிருந்து தினம் எடுக்கிறாங்களே, அது எங்க போகுது?"

"வித்திருப்பா."

"இலவசமாக் கிடைக்கிறதை யார் வாங்குவா?"

"அப்ப குப்பையில போட்டிருப்பா."

"இருக்கலாம்" என்றார் நிதானம். ஆனால் அவர் முகம் அதை ஏற்கவில்லை. குப்பையில் போடுகிறவள் எதற்காக இரண்டு கத்தி வைத்திருக்க வேண்டும்?

சாயங்காலம் பரிசோதனை அறைக்குத் திரும்பிப்போனார்கள். தாளில் இருக்கிற எண்களைப் பார்த்தாகிவிட்டது. இந்த அறையில் காதில் விழுந்து தாளில் ஏறாதது ஏதாவது உண்டா என்று நிதானம் கேட்டார். பரிசோதகர் யோசித்தார். அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். ரத்தம் கொடுத்தார்கள். குழந்தை நாற்காலியில் சுற்றினாள். என்னவோ கனவு, விலாசம் என்று பேச்சு வந்தது.

"முழுசாச் சொல்லுங்க. அவ வார்த்தையிலயே."

பரிசோதகர் கேள்வியைச் சொன்னார். அதற்கு மேல் சொன்னதை நினைவிலிருந்து பிடித்து இழுக்கச் சிறிது நேரம் ஆயிற்று. வந்தபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"முன்னாடியெல்லாம் அம்மாதான் கனவு கண்டு கத்துவாங்க மாமா. இப்ப அம்மா நல்லாத் தூங்குறாங்க. அத்தைதான் கத்துறாங்க."

மூலையில் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கனவு வராததை, மருந்து பழகிவிட்டது என்றுதான் அக்கா நினைத்திருக்கிறாள். மற்றவர்களுக்கும் அப்படித்தானே சொல்லுவாள்.

"பயணி ஆவியாகல சார்" என்றாள் விசில். "வேற பஸ்ல ஏறியிருக்கான்." அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம், குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து நிதானம் போனார். அக்காவையும் வரச் சொல்லியிருந்தார். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேத்து ராத்திரி என்னம்மா கனவு கண்டீங்க?"

இயந்திரம் நின்றது. நாத்தனார் நிமிரவில்லை. ஊசிக்கடியில் மாட்டியிருந்த துணியை மெதுவாக உருவி எடுத்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள். பிறகு இடது கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினாள். நடுக்கணுவில் கோடுபோல ஒரு தழும்பு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் காய் நறுக்கும்போது அண்ணி விரலை வெட்டிக்கொண்டு, கத்தியைப் போட்டுவிட்டுத் துணி தேடி ஓடியிருக்கிறாள். இவள் கவனிக்காமல் அதே கத்தியை எடுத்திருக்கிறாள். அவசரத்தில் தன் விரலையும் வெட்டிக்கொண்டாள். இப்படி ஆனால் மூன்று நாளுக்குள் மருத்துவமனைக்கு வந்தால் டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் இருபத்தெட்டு நாளைக்குத் தடுப்பு மருந்து தருவார்கள் என்று அண்ணி நூறு பேருக்குச் சொன்னதை இவளும் கேட்டிருக்கிறாள். மறுநாளே போனாள். கூடத்தில் நான்கு பேர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒரு பெண் திரும்பி இவளை அடையாளம் கண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், இவங்கதான், பயமே தெரியாதவங்க என்றாளாம். இவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அன்று இரவுதான் அண்ணியின் மாத்திரையை முதன்முறையாகத் தான் விழுங்கினாள். அதே அளவில் ஒரு சத்து மாத்திரை வாங்கி அண்ணியின் கையில் வைத்தாள். இருபத்தெட்டு நாளில் நிறுத்திவிடத்தான் நினைத்தாள். இருபத்தொன்பதாம் நாள் பயம் நிற்கவில்லை. தனக்கென்று ஒரு கத்தியைத் தனியாக வைத்துச் சிவப்பு நூல் சுற்றினாள். அதற்கப்புறம் கத்தியைப் பார்த்தால் பயம், டம்ளரைப் பார்த்தால் பயம், தட்டைப் பார்த்தால் பயம்.

"சொல்லியிருப்பேன் அண்ணி. சொன்னா அந்தப் படத்தைக் கழட்டிடுவாங்க. அதைப் பாத்துத்தானே எத்தனையோ பேர் வீட்டுக்குள்ள சேத்துக்கிறாங்க."

அழுகை, மறுப்பு, சண்டை எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள் விசில். அக்கா எதுவும் செய்யவில்லை. சுவரோரம் நின்றபடியே சொன்னாள்.

"நாலு மாசமா ஒவ்வொருத்தரும் என்னைப் பொய்க்காரின்னு பாத்தாங்க. வீட்டுக்கு வந்து உன் தோள்லதான் சாஞ்சு அழுதேன். நீ தட்டிக் கொடுத்தே."

அக்கா நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"மாத்திரையை எடுத்ததை விடு. தினம் என் தட்டுல சாப்பிட்டியே. அது என்னை நம்பியா, மாத்திரையை நம்பியா?"

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். தான் கண்டுபிடித்த உண்மை ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதா என்று அவர் ஏங்கியது அவருடைய தொழிலில் அதுதான் முதல் தடவை.

யாரும் கேட்காமல் நாத்தனாரே மருத்துவமனைக்குக் கிளம்பி வந்து, படத்தை நிமிர்ந்து பார்க்காமல் கடந்து, பரிசோதகர் முன்னால் கையை நீட்டினாள். இரண்டு சோதனை. கிருமி இல்லை; ஆனால் இத்தனை நாள் மருந்து சாப்பிட்டதால் சில மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் உறுதி சொல்ல முடியும். மருந்து இருந்தது. அண்ணியின் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டிய அளவு அத்தனையும், ஒரு சொட்டு பிசகாமல், அவள் ரத்தத்தில் இருந்தது.

நான்காவது தாளை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். கூட்டத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்பைத் தன் கையாலேயே கிழித்தார். அக்காவின் பழைய மருந்து தோற்கவில்லை; அது அவளுக்குக் கொடுக்கப்படவே இல்லை. அதையே இனி வெளிச்சத்தில், தன் கையால் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும் என்றார். அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. சரி டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள். அங்கே புதிதாக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா படத்தைக் கழற்ற ஆள் அனுப்பினார். நிதானம் தடுத்தார். படத்தில் பொய் இல்லை. அந்த முதல் நாள் நாத்தனார் எந்த மாத்திரையையும் நம்பாமல்தான் சாப்பிட்டாள். ஒரு மனுஷியைச் சுவரில் மாட்டிவிட்டு, இனிமேல் நீ பயப்படக் கூடாது என்று சொல்லாமல் சொன்னோமே, அதுதான் நம்முடைய பங்கு என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி படத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்கள். பயமாக இருந்தால் உள்ளே வந்து சொல்லுங்கள்.

பஸ் நிறுத்தத்தில் விசில் வந்த இரண்டு பஸ்ஸையும் ஏறாமல் விட்டுவிட்டாள். அது நிதானத்துக்கே கவலையாக இருந்தது. கடைசியில், அந்தம்மா மன்னிப்பாங்களா சார் என்று கேட்டாள். அதைத் துப்பறியக் கூடாது என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் அவளை முதலில் ஏறவிட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் மதியம். குழந்தை பள்ளிக்கூடத்தில். மூன்று நாளாக அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கதவருகே நாத்தனாரின் துணிப்பை கட்டி வைத்திருந்தது. அவள் தையல் இயந்திரத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா சமையலறையிலிருந்து ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். பிசைந்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் அதற்கு மனம் வரவில்லை. பார்க்காமலே முதல் வாயை உருட்டிக் கையை அவள் பக்கம் நீட்டினாள்.

நாத்தனார் எதிரில் வந்து மண்டியிட்டாள். முந்தின இரவு அவள் எந்த மாத்திரையும் போட்டிருக்கவில்லை. அதற்கு முந்தின இரவும் போட்டிருக்கவில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் இதே தரையில் வாங்கிய ஒரு வாய்ச் சோறு கொடுத்தவளுக்கே திரும்பிப் போயிற்று. படம் எடுக்க அங்கே யாரும் இல்லை. அக்கா அடுத்த வாயைப் பிசைந்து, அதே தட்டில் தான் சாப்பிட்டாள்.